நாந்தி டு சுவா, கண்ணாடி இல்லாத பஸ்: ஃபிஜி போறவங்க இதுல ஏறாம வந்துடாதீங்க

போன ஜூலை ஸ்கூல் லீவுல ஆக்லாந்துல இருந்து ஃபிஜி போயிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயசு பொண்ணு, ஊர்ல இருந்து வந்து எங்களோட ஆறு மாசம் தங்கியிருந்த என் அத்தை, அதாவது மாமியார். ரிசார்ட் ரிவ்யூ ஏற்கனவே ஆயிரம் பேர் எழுதிட்டாங்க, அதனால நான் அதுக்குள்ள போகல. நாந்தில இருந்து சுவாவுக்கு குயின்ஸ் ரோடு வழியா ஓடுற சாதா பஸ்ஸைப் பத்தி மட்டும்தான் எழுதுறேன். தமிழ்ல யாரும் இதைப் பத்தி எழுதி நான் பார்க்கல, அந்த அஞ்சு மணி நேரத்துல எனக்குக் கிடைச்ச ஃபிஜி, ரிசார்ட்டுங்க இருக்கிற தெனராவ்ல பீச் சேர்ல ஒரு மாசம் படுத்திருந்தாலும் கிடைச்சிருக்காது.

முதல்ல பஸ் எப்படின்னு சொல்லிடறேன். ஜன்னலுக்கு கண்ணாடி கிடையாது. முழுசா திறந்த பஸ், மேல தார்ப்பாய் சுருட்டி வார்ல கட்டி வச்சிருப்பாங்க, மழை வந்தா அவங்கவங்க ஜன்னலுக்கு அவங்கவங்க அவுத்து விட்டுக்கணும். சீட் ரெக்சின், நேரா நிமிர்ந்து உட்கார்ற மாதிரி, முதுகு வலி இருக்கிறவங்க ஒரு சின்ன தலகாணி எடுத்துட்டுப் போங்க. டிரைவர் பாட்டு போட்டா ஊரே கேக்கும், எங்க டிரைவர் ஒரு ஹிந்திப் பாட்டு, ஒரு ரெகே, ஒரு சர்ச் பாட்டுன்னு மாத்தி மாத்தி போட்டுட்டே வந்தார், யாரும் ஒண்ணும் சொல்லல. 2017ல டிக்கெட்டுக்கு கார்டு முறை கொண்டு வந்தாங்க, கடைல கார்டு வாங்கி பணம் ஏத்திக்கிட்டு ஏறும்போது மெஷின்ல வச்சா போதும். ஏசி பஸ்ஸும் இதே ரூட்ல ஓடுது, அது கொஞ்சம் சீக்கிரம் போகும், கண்ணாடி மூடியிருக்கும். உங்களுக்கு சுவா போய்ச் சேர்ந்தா மட்டும் போதும்னா அதுல போங்க.

குறையையும் இங்கயே சொல்லிடறேன். நாங்க ஏறின பஸ் அம்பது நிமிஷம் லேட், ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல, ஒரு அறிவிப்பும் இல்ல. எங்க வரிசைத் தார்ப்பாய் ஓரத்துல கிழிஞ்சிருந்தது, அதனால பின்னாடி மழை வந்தப்போ பொண்ணோட பேக் நனைஞ்சு உள்ள இருந்த டிராயிங் புக் போச்சு, அவ அழுதா. அந்தக் கம்பெனி பேரை நான் போடல, இதே ரூட்ல நாலஞ்சு பஸ் ஓடுது, அன்னிக்கு எங்களுக்கு அமைஞ்சது அப்படி. பஸ்ல டாய்லெட் கிடையாது. வயசானவங்களோட போறீங்கன்னா நடுவுல சிங்கதோக்கால இருபது நிமிஷம் நிக்கும்போது இறங்கிப் போயிட்டு வந்துடுங்க, சில்லறை கைல வச்சுக்கோங்க.

காலைல ஏறுறதுக்கு முன்னாடி நாந்தி மெயின் ரோட்டுக் கடைசில இருக்கிற சிவசுப்ரமணிய சுவாமி கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். பசிபிக் நடுவுல அந்த கோபுரத்தை முதல் தடவை பார்த்ததும் அத்தைக்குப் பேச்சே வரல. இப்ப இருக்கிற கோயிலுக்கு 1994ல கும்பாபிஷேகம் நடந்திருக்கு. இதை நடத்துறது 1926ல சாது குப்புசுவாமி ஆரம்பிச்ச சங்கம், தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்னு முழுப் பேர், ஃபிஜில எல்லாரும் சங்கம்னு மட்டும்தான் சொல்றாங்க. ஸ்கூல் ஸ்கூலா நடத்துறாங்க, லம்பாசால நர்சிங் காலேஜும் இருக்கு. அங்க இருந்து பஸ் ஸ்டாண்டு நடக்குற தூரம்தான்.

ஊர் பேருங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும், எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த விஷயம் இது. இங்கிலீஷ்ல பார்த்தா 'நடி'ன்னு படிக்கத் தோணும், ஆனா அது நாந்தி. 2022ல பிரதமரானவர் பேரும் 'ரபுகா' இல்ல, ரம்புகா. 1830கள்ல வந்த மெதடிஸ்ட் பாதிரிங்க ஒரு சத்தத்துக்கு ஒரே எழுத்துன்னு முடிவு பண்ணி எழுதிட்டாங்க, அதனால அவங்க 'டி' எழுத்துக்கு ந்த, 'பி'க்கு ம்ப, 'க்யூ'வுக்கு ங்க, 'ஜி'க்கு வெறும் ங், 'சி'க்கு த. வெளியூர்க்காரங்க எல்லாரும் திணறுறாங்க. நம்மளுக்குக் கஷ்டமே இல்ல, ஏன்னா நம்ம எழுத்துலயும் அப்படித்தானே, ந் பக்கத்துல வந்தா த மெத்துன்னு வருது, ம் பக்கத்துல வந்தா ப மெத்துன்னு வருது. ஒரு தடவை தமிழ்ல எழுதிக் காமிச்சதும் அத்தை ரூட்ல இருந்த எல்லா ஊர் பேரையும் கண்டக்டர் கணக்கா சரியா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ம்புலான்னா வணக்கம், வினாக்கான்னா நன்றி, கிளம்பும்போது மொதே. இந்த மூணும் தெரிஞ்சா பஸ்ல உங்களுக்கு சீட் கிடைக்கும்.

வலது பக்கம் உட்காருங்க. அது ரொம்ப முக்கியம். நாந்தில இருந்து சுவா போறப்போ கடல் வலது பக்கம்தான் வரும்.

ஆனா முதல் ஒரு மணி நேரம் கடலே தெரியாது, கரும்பு, கரும்பு, கரும்பு. ஜூலைங்கிறதால வெட்டு நடந்துட்டிருந்தது, எரிச்ச தோட்டத்து வாடை திறந்த ஜன்னல் வழியா அப்படியே உள்ள வந்துச்சு, வெல்லம் அடிபிடிச்ச மாதிரி ஒரு வாசனை. ரெண்டடி அகலத் தண்டவாளம் ரோட்டைக் குறுக்கால வெட்டிப் போகுது, அதுல கரும்பு ஏத்தின குட்டி ரயில் வந்தா நம்ம பஸ் நிக்கணும். நாங்க ஒரு தடவை நின்னோம், பொண்ணு பெட்டி எண்ணினா.

எங்க வரிசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாங்க, எழுபது தாண்டியிருக்கும், மடில தாலோ கிழங்கு மூட்டை. தாலோங்கிறது நம்ம சேப்பங்கிழங்கு ஜாதிதான், ஆனா ஒண்ணு ஒண்ணு தேங்கா சைஸ். அத்தையோட நெத்தி விபூதியைப் பார்த்துட்டு ஹிந்தில ஏதோ கேட்டாங்க. அங்க இந்திய வம்சாவளி ஜனங்க எல்லாரும் பேசுறது ஃபிஜி ஹிந்தி, தமிழ் வீட்டுப் பிள்ளைங்களும் அதேதான். அத்தைக்கு ஹிந்தி வராது, நான் இங்கிலீஷ்ல பேசினேன். 'மெட்ராஸியா?'ன்னு கேட்டாங்க. அங்க அந்த வார்த்தை திட்டு இல்ல, வெறும் அடையாளம். தன் தாத்தா மெட்ராஸ்ல இருந்து கிர்மிட்ல வந்தவர்னு சொன்னாங்க.

கிர்மிட்டுன்னா அக்ரிமெண்ட், அந்த வார்த்தைதான் ஜனங்க வாய்ல தேஞ்சு அப்படி ஆயிடுச்சு. அஞ்சு வருஷ ஒப்பந்தம். 1879 மே 14ஆம் தேதி லியோனிடாஸ்னு முதல் கப்பல் கல்கத்தால இருந்து வந்து சேர்ந்தது, 1916 வரைக்கும் அறுபதாயிரம் பேருக்கு மேல கொண்டு வந்தாங்க. 1903க்கு அப்புறம்தான் மெட்ராஸ்ல இருந்து ஏத்த ஆரம்பிச்சாங்க, அப்படி வந்தவங்கள்ல வட ஆற்காடு ஜில்லாக்காரங்க நிறைய. இதை நான் சொன்னதும் அத்தை எழுந்து நின்னுட்டாங்க, ஓடுற பஸ்ல. அவங்க ஊர் குடியாத்தம் பக்கம்.

அந்த பாட்டி போனை எடுத்து ஒரு ஃபோட்டோ காமிச்சாங்க. தாத்தாவோட எமிக்ரேஷன் பாஸ். சுவால இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல பழைய பாஸ்களை வச்சிருக்காங்க, இவங்க பேரன் காப்பி வாங்கிக் குடுத்திருக்கான். பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற அடையாளம், எல்லாம் யாரோ ஒரு கிளார்க் மை பேனால எழுதினது. ஜில்லா நார்த் ஆற்காடு, அது தெளிவா இருக்கு. கிராமத்துப் பேர் மட்டும் ஒரு தமிழ்ப் பேர் இங்கிலீஷ்காரன் காதுல எப்படி விழுந்ததோ அப்படி இருக்கு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த எழுத்தை என்னை ஒண்ணு ஒண்ணா சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. கடைசில வர்றது பட்டா, பேட்டையா, பாடியா? அத்தைக்குத் தெரிஞ்ச ஊர் பேர் எல்லாம் சொல்லிப் பார்த்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் அந்த பாட்டி அத்தையோட முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க, கண்டுபிடிச்சிட்டாங்களோன்னு. கண்டுபிடிக்க முடியல. பஸ் குலுக்கலுக்கு ஃபோட்டோ வேற ஆடிட்டே இருந்தது. உங்க வீட்ல பாட்டியை என்னன்னு கூப்பிடுவீங்கன்னு அத்தை என்னை விட்டு கேக்கச் சொன்னாங்க. 'ஆயா'ன்னு சொன்னாங்க அந்த அம்மா. அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஏம்மா, எங்க ஊட்லயும் ஆயாதான்'னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சுவா வர்ற வரைக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்தான், என்னை மொழிபெயர்க்கக் கூட அதிகம் கூப்பிடல.

முதல்ல கூப்பிட்டது இதுக்குத்தான். அத்தை விவசாயக் குடும்பம், அதனால நிலம் யார் பேர்ல இருக்குன்னு கேட்டாங்க. அதுலதான் அந்த நாட்டோட மொத்தக் கதையும் இருக்கு. அந்த பாட்டியோட அப்பா கரும்பு போட்ட நிலம் அவங்க நிலம் இல்ல, லீஸ். ஃபிஜில பத்துல எட்டு பங்குக்கு மேல நிலம் இதௌகெய்ங்கிற பூர்வகுடி ஜனங்களோட குலங்களுக்குச் சொந்தம், மத்தங்காலின்னு சொல்றாங்க, அதை யாரும் விக்கவும் முடியாது வாங்கவும் முடியாது, குத்தகைக்கு மட்டும் எடுக்கலாம். 1976ல வந்த சட்டப்படி முப்பது வருஷக் குத்தகை, அதுக்கு முன்னாடியே எடுத்திருந்தவங்களோடது 1997ல இருந்து ஒண்ணொண்ணா முடிய ஆரம்பிச்சது. இவங்க குத்தகையும் அப்படித்தான் முடிஞ்சது, புதுப்பிக்கல, வீட்டைப் பிரிச்சு தகரத்தை எடுத்துக்கிட்டு சுவா ஓரத்துல நசினு பக்கம் போயிட்டாங்க. அம்மா வச்ச மாமரம் இன்னும் அங்கதான் நிக்குதுன்னு சொன்னாங்க.

இதைக் கேட்டுட்டு பின் சீட்ல இருந்த ஒரு பெரியவர் பேச ஆரம்பிச்சார். இதௌகெய், ரிட்டயர்டு வாத்தியார், சூலு கட்டியிருந்தார், அது நம்ம வேட்டி மாதிரி, ஆபீஸ் போறவங்க பாக்கெட் வச்சுத் தைச்சுக்குவாங்க. கைல பேப்பர்ல சுத்தின யங்கோனா வேர்க்கட்டு, இடிச்சுத் தண்ணில கரைச்சுக் குடிக்கிற காவாதான் அது. யாராவது வீட்டுக்கு, இல்ல வேற கிராமத்துக்குப் போனா இதைக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும், செவுசெவுன்னு பேர், நம்ம வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுற மாதிரி ஒரு மரியாதை. அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. எங்க குலத்து நிலத்தையும் குத்தகைக்கு விட்டிருந்தோம், வருஷ வாடகையை அத்தனை குடும்பத்துக்கும் பிரிச்சா ஒரு மூட்டை மாவுக்குக் கூட வராது, என் பசங்களுக்கு உழ நிலம் வேணும்னு திருப்பிக் கேட்டோம், ஆனா உங்க அப்பா கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும்னு அந்த பாட்டியைப் பார்த்துச் சொன்னார். அவங்க தலையாட்டினாங்க. ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. நான் இதை ஒரு பக்கம் எடுத்துப் பேச மாட்டேன்.

இது எங்க ஆரம்பிச்சதுன்னா 1874ல. அந்த வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி தலைவர்கள் சேர்ந்து தீவுகளை பிரிட்டனுக்கு எழுதிக் குடுத்தாங்க. அடுத்த வருஷமே தட்டம்மை வந்து சுமார் நாப்பதாயிரம் பேர் செத்துப் போனாங்க, மொத்த ஜனத்தொகைல கால் பங்குக்கு மேல. அப்ப வந்த கவர்னர் ஆர்தர் கார்டன் மிச்சமிருக்கிற ஜனங்க நிலத்தை விக்கக் கூடாதுன்னு தடை போட்டார், அவங்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கவும் கூடாதுன்னுட்டார். அப்ப கரும்பை யார் வெட்டுறது, அதுக்குத்தான் இந்தியால இருந்து ஆள் கொண்டு வந்தாங்க. சிஎஸ்ஆர்னு ஆஸ்திரேலியக் கம்பெனிதான் மில் வச்சு நடத்துச்சு. ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து, ரெண்டு பேரையும் நூறு வருஷம் எதிர் எதிர்ல உட்கார வச்சுட்டாங்க. 1966 கணக்கெடுப்புல இந்திய வம்சாவளி பாதிக்குக் கொஞ்சம் மேல, 2007ல 37.5 சதவீதம். ஏன் குறைஞ்சதுன்னு கீழ சொல்றேன்.

சிங்கதோக்கா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வலது பக்கம் மணல் மேடுங்க தெரியும். அது 1989ல ஃபிஜியோட முதல் தேசியப் பூங்கா ஆனது, அந்த மணலுக்குள்ள இருந்து லப்பிட்டா ஜனங்களோட பானை ஓடு எல்லாம் கிடைச்சிருக்கு, சுமார் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி படகுல வந்து இந்தத் தீவுகள்ல முதல்ல குடியேறினவங்க அவங்க. ஊருக்குள்ள பஸ் நிக்கும்போது மார்க்கெட் வாசல்ல ரொட்டி பார்சல் வாங்குங்க. இது ஃபிஜியோட தேசிய டிபன்னே சொல்லலாம், பெரிய ரொட்டிக்குள்ள உருளைக்கிழங்கு மசாலா வச்சு சுருட்டி பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாங்க, டின் மீன், கோழி வச்சதும் கிடைக்கும். ரொட்டி அவ்வளவு மெத்துனு இருந்தது, அத்தை மாவுல சுடு தண்ணி ஊத்திப் பிசைஞ்சிருக்காங்கன்னு உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. வாங்குறவங்கள்ல பாதிக்கு மேல இதௌகெய் ஜனங்க. அந்த வாத்தியார் கைல ரெண்டு பார்சல்.

சிங்கதோக்கா ஆத்துப் பாலம் தாண்டினதும் கடல் வந்துடும், அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல கடலும் ரோடும் பக்கத்துப் பக்கத்துல. கோரல் கோஸ்ட்னு பேர். தூரத்துல பவளத்திட்டுல அலை உடைஞ்சு ஒரு வெள்ளைக் கோடு, உள்பக்கம் தண்ணி குளம் மாதிரி. இந்தப் பக்கம் கிராமம் கிராமமா வரும், நடுவுல புல்வெளி, ஒரு வெள்ளை மெதடிஸ்ட் சர்ச், பசங்க எந்நேரமும் ரக்பி. 2016 ரியோல செவன்ஸ் ரக்பில தங்கம் வாங்கினாங்க, அதுதான் ஃபிஜியோட முதல் ஒலிம்பிக் மெடல், அதுக்காக 7 டாலர் நோட்டே அடிச்சாங்க. அந்த நோட்டை வாத்தியார் பர்ஸ்ல மடிக்காம வச்சிருக்கார்.

பல கிராமத்துல கடல் ஓரமா கல் அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறதைப் பாருங்க. தண்ணி உள்ள வருது. நவுவா பக்கத்துல தொங்கோருங்கிற இடத்துல கல்லறைங்க கடலுக்குள்ள நிக்குது. வனுவா லெவு தீவுல வுனிந்தோங்கொலோவாங்கிற கிராமத்தை 2014ல மொத்தமா மேட்டுக்கு மாத்திட்டாங்க. அரசாங்கம் கிராமங்களை எப்படி இடம் மாத்தறதுன்னு 2018ல வழிமுறையே போட்டிருக்கு. ஃபிஜில மொத்தம் 330க்கு மேல தீவு, அதுல நிரந்தரமா ஆள் இருக்கிறது நூத்துச் சொச்சம். எல்லாம் சேர்த்தாலும் 18,000 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். நாம பஸ்ல போற வித்தி லெவு ஒண்ணுலயே பாதிக்கு மேல நிலம் இருக்கு, நாலுல மூணு பங்கு ஜனம் இருக்கு. மீதி ஊருங்களுக்குப் படகுதான். 2017 கணக்கெடுப்புப்படி மொத்தம் 8,84,887 பேர்.

பசிபிக் ஹார்பர் நெருங்குறப்போ வலது பக்கம் ம்பெங்கா தீவு தெரிஞ்சது, நீலமா ஒரு மேடு. அங்க சவாவு குலத்து ஆம்பளைங்க சூடான கல்லு மேல நடப்பாங்களாம், பரம்பரை வரம்னு வாத்தியார் சொன்னார். உடனே அந்த பாட்டி சுவா மாரியம்மன் கோயில்ல நாங்களும் நடப்போம், ஜூலை ஆகஸ்ட்ல பத்து நாள் விரதம் இருந்து பூ மிதிப்போம்னாங்க. அவங்க கல்லுல, நாம தணல்ல. அத்தை சின்ன வயசுல திரௌபதி அம்மன் கோயில்ல அவங்க அண்ணன் தீ மிதிச்சதைச் சொன்னாங்க. மூணு பேரும் அவங்கவங்க ஊர்ல என்ன சாப்பிடக் கூடாது, யார் தொடக் கூடாதுன்னு விரத முறைகளை ஒப்பிட்டுப் பேசிட்டு இருந்தாங்க, நான் நடுவுல மாத்தி மாத்தி சொல்லிச் சொல்லித் தொண்டையே கட்டிடுச்சு.

அப்பதான் மழை. சொல்லி வச்ச மாதிரி. நாந்தில வெயில் சுள்ளுன்னு அடிச்சது, புல் எல்லாம் காஞ்சு பழுப்பா இருந்தது, இங்க வர வர மலை கிட்ட வந்து பச்சை கருப்பா மாறிடுச்சு. தென்கிழக்குக் காத்து கடல்ல இருந்து ஈரத்தை அள்ளிட்டு வந்து நடு மலைல முட்டி கிழக்குப் பக்கமே கொட்டிடுது, மேற்குக்கு மிச்சம்தான். உச்சி தோமனிவி, 1,324 மீட்டர். சுவால வருஷத்துக்கு சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்யும், நம்ம சென்னைல பெய்றதைப் போல ரெண்டு மடங்கு. கரும்பு மேற்குலயே நின்னதுக்கும் இதுதான் காரணம், வெயில் இருந்தாத்தான் இனிப்பு ஏறும். சிஎஸ்ஆர் முதல் மில்லை 1882ல கிழக்குல நௌசோரிலதான் வச்சாங்க, 1959ல மூடிட்டாங்க. இதெல்லாம் புக்ல படிச்சா மண்டைல ஏறாது. எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து நின்னு தார்ப்பாயை அவுத்து விட்டாங்க, பஸ்ஸுக்குள்ள சட்டுனு இருட்டாயிடுச்சு, யாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல, வாத்தியார் எங்க ஜன்னலுக்கும் கை குடுத்தார். தீவோட காஞ்ச பக்கத்துல இருந்து நனையுற பக்கத்துக்கு வந்துட்டோம்னு பொண்ணுக்கு நான் விளக்கவே வேண்டியதில்ல. அவ பேக் நனைஞ்சதும் அப்பத்தான்.

இருட்டுல உட்கார்ந்து வாத்தியார் எலெக்‌ஷன் பத்திச் சொன்னார், அவர் பூத் ட்யூட்டி பார்த்தவர். 2013ல வந்த அரசியல் சட்டப்படி தொகுதியே கிடையாது, நாடு முழுக்க ஒரே தொகுதி. ஓட்டுச் சீட்டுல பேரும் இல்ல, படமும் இல்ல, கட்சிச் சின்னமும் இல்ல, வரிசையா கட்டம் போட்டு வெறும் நம்பர்தான், உங்க ஆளோட நம்பரை மனப்பாடம் பண்ணிட்டுப் போகணும், மறந்தா பூத்ல ஒரு லிஸ்ட் புக் இருக்கும். அத்தையால நம்பவே முடியல, 'சின்னம் இல்லாம எப்டிம்மா ஓட்டு போடுவாங்க'ன்னு மூணு தடவை கேட்டாங்க. ஒரு கட்சி அஞ்சு சதவீதம் வாங்கினாத்தான் சீட்டு. 2022ல 55 சீட்ல அப்ப பிரதமரா இருந்த பைனிமராமா கட்சிக்கு 26, ரம்புகா கட்சிக்கு 21, என்எஃப்பிங்கிற கட்சிக்கு 5, சொதெல்பாங்கிற கட்சிக்கு 3. அந்த மூணு சீட்டு எந்தப் பக்கம் சாயுதோ அதுதான் ஆட்சின்னு ஆச்சு. கடைசில சபைல 28க்கு 27, ஒரே ஓட்டுல சித்திவேனி ரம்புகா பிரதமர்.

சுவா பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. மாடில முழுக்க யங்கோனா, கீழ தாலோ மலை மலையா. ஹோட்டல் எங்கன்னு பாக்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு சுத்து சுத்திடுங்க. மறுநாள் நாங்க நடந்தே அரசாங்கக் கட்டடம் வரைக்கும் போனோம், ஆல்பர்ட் பார்க்குக்குப் பக்கத்துல சாம்பல் கலர்ல மணிக்கூண்டோட இருக்கும். பார்லிமெண்ட் அதுக்குள்ளதான்.

1970 அக்டோபர் 10ல சுதந்திரம் வாங்கின நாடு. இந்தக் கட்டடத்துக்குள்ளதான் 1987 மே 14ஆம் தேதி முகமூடி போட்ட சிப்பாய்ங்க வந்து, ஆட்சிக்கு வந்து ஒரு மாசமே ஆன பவந்திரா அரசாங்கத்தைப் பிடிச்சுட்டுப் போனாங்க, அதுல இந்தியர்கள் நிறைய மந்திரியா இருந்தாங்கன்னு கோபம். நடத்தினது அப்ப லெப்டினன்ட் கர்னலா இருந்த ரம்புகா. தேதியைக் கவனிச்சீங்களா, லியோனிடாஸ் வந்த அதே மே 14. அதே வருஷம் செப்டம்பர்ல இன்னொரு தடவை. 2000ல மகேந்திர சவுத்ரின்னு முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரை, அப்ப வேற இடத்துல இருந்த பார்லிமெண்ட்ல 56 நாள் அடைச்சு வச்சாங்க. 2006 டிசம்பர்ல ராணுவத் தளபதியா இருந்த பைனிமராமா ஆட்சியைப் பிடிச்சார். ஒவ்வொரு தடவையும் டாக்டர், நர்ஸ், வாத்தியார்னு ஆயிரக்கணக்குல ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் கிளம்பிட்டாங்க. எங்க தெருவுல மளிகைக் கடை வச்சிருக்கிற குடும்பம் அப்படி வந்தவங்கதான், பத்து வருஷமா அங்க கொத்தமல்லி வாங்குறேன், இதெல்லாம் நான் ஒரு நாளும் கேட்டதில்ல, அது எனக்கு வருத்தமா இருக்கு.

2023 மே 14ஆம் தேதி அதே ரம்புகா, பிரதமரா, சுவால நடந்த சமாதானப் பிரார்த்தனைல 1987க்கு மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷத்துல இருந்து கிர்மிட் நாள் அரசாங்க விடுமுறை. அந்த பாட்டி அன்னிக்கு டிவில பார்த்தாங்களாம். எப்படி இருந்ததுன்னு கேட்டேன். 'கேட்டுட்டார்'னு மட்டும் சொன்னாங்க, அதுக்கு மேல பேசல, நானும் கேக்கல.

சர்வீஸுக்கு அஞ்சுக்கு நாலு குடுக்கிறேன், ஒண்ணு குறைச்சது லேட்டுக்கும் கிழிஞ்ச தார்ப்பாய்க்கும். தண்ணி பாட்டில், ஒரு ரெயின் கோட், பேக் மேல சுத்த ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துக்கோங்க. கார்டுல முதல் நாளே பணம் ஏத்தி வச்சுடுங்க, காலைல கியூ நீளம். கிராமத்துல இறங்கிப் பார்க்கணும்னு தோணினா தொப்பியும் கூலிங் கிளாஸும் கழட்டிடணும், தோள் மூடின டிரஸ் போட்டுக்கணும், மார்க்கெட்ல ஒரு கட்டு யங்கோனா வாங்கிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை வேணாம், அன்னிக்கு சர்ச்.

அந்த கிராமத்துப் பேரை அத்தை பஸ்லயே என் நோட்ல ஏழு விதமா எழுதி வச்சுக்கிட்டாங்க. ஊர்ல இருக்கிற தம்பி மகனுக்கு வாட்ஸ்அப் பண்ணி, விஏஓ ஆபீஸ்ல பழைய ஊர் பேர் பட்டியல் இருந்தா பாருடான்னு சொல்லியிருக்காங்க. அந்த ஏழுல மூணு இல்லன்னு ஆயிடுச்சு, நாலு பாக்கி இருக்கு. நசினு பாட்டி வாராவாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாங்க, ஹிந்தில, நடுவுல 'அக்கா'ன்னு.

திரும்பி நாந்தி வரும்போது இடது பக்கம் உட்காருங்க, கடல் அந்தப் பக்கம் மாறிடும்.